மைனஸ் நாற்பது காட்டிய கார்

அன்னூரில் உறவினர் வீட்டிலிருந்து மத்தியான வெயிலில் கிளம்பியபோது காரில் இன்ஜின் விளக்கு எரிந்தது. கணவர் புதிதாக வாங்கியிருந்த, கார்க் கோளாறைக் காட்டும் ஸ்கேனரைச் செருகினார். இன்ஜின் சூடு மைனஸ் நாற்பது டிகிரி என்றது.

"இதுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு அம்மணி" என்று சிரித்தவர், ஸ்கேனரிலேயே அந்தப் பிழைக் குறிப்பை அழித்துவிட்டு ஓட்டினார்.

வழியில் வெல்லப்பாகு வாசம் வந்தது.

"பக்கத்துல ஆலை ஓடுதாட்ட இருக்குது."

"ஏனுங்க, இங்க கரும்பே இல்லீங்களே."

இருபுறமும் காய்ந்த சோளக்காடு. வாசம் மட்டும் கூடவே வந்தது. ஸ்கேனரில் அதே மைனஸ் நாற்பது. பயந்துபோய் நிறுத்தச் சொன்னேன். பானெட் இடுக்கில் ஆவி கசிந்தது. சூட்டை அளக்கும் சென்சாரின் ஒயரையும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவக் குழாயையும் எலி கடித்திருந்தது. ஒயர் அறுந்ததால்தான் அந்த மைனஸ் நாற்பது. அந்த வாசம் கூலன்ட் கொதித்த வாசம்.

இப்போது அவர் பானெட்டைத் திறந்து பார்க்காமல் எந்தப் பிழையையும் அழிப்பதில்லை. நிஜமாகவே வெல்லம் காய்ச்சும் ஊரைக் கடந்தாலும், வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுகிறேன்.