மலர்கொடி பார்த்த இரண்டாம் பாகம்

மலர்கொடி சின்னம்மாவுக்குப் பேய்ப் படம் என்றால் உயிர். குடும்பப் படம் பார்த்து அழுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. "அதான் வூட்டுலயே ஓடுதே, அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?" என்பாள்.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் அவளுக்கு வேலை. நானும் அங்கேதான் எடை போடுகிறேன். பெண்கள் சாம்பலில் கையைத் தோய்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சாம்பல் இல்லாவிட்டால் கொட்டையின் மேல்தோட்டில் இருக்கிற எண்ணெய் விரலைத் தின்றுவிடும். வறுத்த கொட்டையைக் கட்டையால் ஒரு தட்டு, பருப்பு முறத்துக்கு, தோடு குப்பைக்கு. பொழுதெல்லாம் இதுதான். மதியச் சோற்றுக்குப் பிறகு கண் சொக்கும், கட்டை விரலில் விழும். அதற்குத்தான் கதை.

கதை சொல்கிறவளுக்குக் கை நடுநடுவே நின்றுவிடும். பருப்பு எடை குறையும், கூலியும் குறையும். அதனால் சாயங்காலம் தராசுக்கு வருவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு பிடிப் பருப்பை அவள் முறத்தில் போட்டுவிட்டு வருவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் மறப்பதுமில்லை. கதைப்பிடி என்பார்கள். பல வருடங்களாக அது சின்னம்மாவின் முறத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பருப்பால் அவள் பணக்காரியாகிவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு பிடியும் விழும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். மாலை விழுகிற மேடையில் நிற்பவளின் முகம் அது.

அவளுக்குப் பேர் வாங்கித் தந்த படம் 'கொல்லைக்கேணி'; இப்போதும் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். அதில் பேயின் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். உச்சி வெயிலில், கயிறே இல்லாத கேணி உருளை தானாகச் சுற்றும். காய்ந்த தரையில் ஈரக் காலடி மட்டும் தெரியும். கடைசியில் ஊரே சேர்ந்து கேணியைப் பலகைக்கல் வைத்து மூடிவிட்டுத் திரும்பும்போது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்று கேட்கும். அதோடு படம் முடிந்துவிடும்.

"கேணிக்குள்ள இருந்துக்கிட்டு தண்ணி கேக்குறாடி!" என்று சின்னம்மா முடித்த அன்று, வரிசையில் இருந்த சுமதியக்கா தண்ணீர்ப் பாட்டிலைத் தொடாமலேயே வீட்டுக்குப் போனாள். சின்னம்மாவுக்கு ஒரு கொள்கை உண்டு. திரையில் வந்ததைத்தான் சொல்வாள், கூட ஒரு சொல் சேர்க்கமாட்டாள்.

இரண்டாம் பாகம் வருகிறது என்று போஸ்டர் ஒட்டிய நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் படம் வெளியான வாரம் பார்த்து திருமழபாடியில் ஒரு பங்காளி வீட்டுச் சாவு. கருமாதி முடித்து, கொள்ளிடத்தில் முழுகிவிட்டுத் திரும்பி வந்தவள் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே தமிழ்மொழி சொல்லிக்கொண்டிருந்தாள். காலேஜ் முடித்து, வேலை கிடைக்கிற வரைக்கும் என்று வந்து சேர்ந்திருந்த பெண்.

"கல்ல நவுத்திப்புட்டு ஒரு ஆளு, பாவம்னு, பானை நெறைய தண்ணி எறக்குறான். மேல வருது பாருங்க, பானை காலி. காலின்னா சும்மா காலி இல்ல. அடுப்புலேருந்து எறக்குன மாரி கொதிக்கிது. அன்னைக்கு ராத்திரிலேருந்து ஊருக்குள்ள எல்லார் வூட்டுக் கொடத்துலயும் ஒரு வாய்த் தண்ணி கொறையுது. ஒரே ஒரு வாய்தான்."

"ஆத்தாடி!" என்றாள் சுமதியக்கா.

சின்னம்மா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். "எப்படி போச்சு காரியம்?" என்று ஒருத்தி கேட்டாள், காதைத் தமிழ்மொழி பக்கம் வைத்துக்கொண்டே. சின்னம்மா கட்டையை எடுத்தாள். அன்று சாயங்காலம் பிடிகள் அவளைத் தாண்டிப் போயின.

"மூக்கு ஒழுகுறதெல்லாம் கத சொல்ல வந்துருச்சு" என்றாள் தராசில் முறத்தை வைத்துக்கொண்டு. "கொரலப் பாத்தியா, ரேஷன் கடைல பேரு கூப்புடுற மாரி."

எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது.

அந்த வாரம் முழுக்கச் சின்னம்மா காதில் விழாதவள் போல உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். தமிழ்மொழி ஒரேயடியாகச் சொல்லி முடிக்கவில்லை. நாளுக்குக் கொஞ்சம், அதுவும் சரியான இடத்தில் நிறுத்திவிடுவாள். சனிக்கிழமை, கேணிக்குள்ளிருந்து இரண்டாவதாக ஒரு குரல் கேட்கிற இடத்தில் நிறுத்தினாள்.

"தம்பி, நாளைக்கு வண்டிய எடு" என்றாள் சின்னம்மா என்னிடம். "அரியலூரு போறோம். அவ எத்தன எடத்துல தப்பு உட்டுருக்கான்னு நான் பாக்கணும்."

தியேட்டரில் கூட்டமில்லை. சின்னம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சண்டைக்குப் போகிறவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். படம் ஒரு மலை பங்களாவில் தொடங்கியது. நாயகன் ஒரு விஞ்ஞானி. பேய்க்கு இந்த முறை முகம் இருந்தது, இறக்கை மாதிரி ஏதோவும் இருந்தது. அது பறந்து வந்து காமெடி நடிகரை அறைந்தது. நாலு பேர் சிரித்தார்கள்.

"கேணி எங்கடா?" என்றாள் சின்னம்மா.

இடைவேளையில் நான் வாங்கிக் கொடுத்த பாப்கார்னைத் தொடவில்லை. "பான எறக்குறது இனிமேதான் வரும் போல" என்றாள். இடைவேளைக்குப் பிறகு ஒரு பாட்டு வந்தது. விஞ்ஞானி கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான். கேணி ஒரே ஒரு முறை, அதுவும் ஃபோட்டோவாக வந்தது. கடைசியில் பேய் நல்லதாகி, நாயகியின் தலையைத் தடவிவிட்டு வானத்துக்குப் போனது. பானையும் இல்லை, குடமும் இல்லை. தாகத்தைப் பற்றி யாருக்கும் ஞாபகமில்லை. விளக்குப் போட்ட பிறகும் சின்னம்மா எழுந்திருக்கவில்லை.

"தண்ணி கேட்டாளே அவ," என்றாள் திரையைப் பார்த்து. "அதுக்கு ஒருத்தன் பதில் சொல்லல பாரு."

திரும்பும் வழியில் செந்துறையில் வண்டியை நிறுத்தினேன். அங்கே டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கியதும் அவள் முகம் மலர்ந்தது.

"அவ படமே பாக்கலடா! டிவில துண்டு துண்டா காட்டுவான்ல, அத பாத்துப்புட்டு ஒரு வாரமா புளுகியிருக்கா. நாளைக்கு இருக்கு அவளுக்கு."

சிரித்துக்கொண்டே ஒரு வாய் குடித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு மெல்ல நின்றது. டீயில் ஆடை படிந்தது.

"பாக்காமயே சொல்லியிருக்கா" என்றாள். இந்த முறை அது வேறு மாதிரி வந்தது. வழி நெடுக முந்திரிக் கொல்லைகள் வந்துகொண்டே இருந்தன. அவள் எதையும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மதியம், தமிழ்மொழி தொண்டையைச் செருமியதும் சின்னம்மா கட்டையைக் கீழே வைத்தாள்.

"இருடி. நான் நேத்து படம் பாத்துட்டு வந்துட்டேன்."

கட்டைச் சத்தம் எல்லாம் நின்றது.

"பான இல்ல. கொடம் இல்ல. ரெண்டாவது கொரலும் இல்ல. அதுல ஒரு பேயி வவ்வா மாரி பறக்குது, அவ்வளவுதான். இவ சொன்னது எல்லாமே இவ தலைலேருந்து வந்தது. எங்க, இல்லன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

"எங்கப்பா படத்துக்கு அனுப்பல, அத்தை" என்றாள் தமிழ்மொழி, தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க வேற ஊருல இல்ல. எல்லாரும் தூங்கி விழுந்தாங்க. அதான்..."

சின்னம்மா வரிசையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள், தீர்ப்புக்குக் காத்திருப்பவள் போல.

சுமதியக்கா முதலில் வாயைத் திறந்தாள். "அட கூறுகெட்டவளே! அப்ப நீ சொன்னது எங்கயும் ஓடலையா?"

"இல்லக்கா."

"தியேட்டருக்குப் போனாலும் தெரிஞ்சுக்க முடியாதா?"

"முடியாதுக்கா."

"அப்ப சொல்லித் தொல! ரெண்டாவது கொரலு யாரோடதுடி? ஞாயித்துக்கெழம பூரா எனக்குச் சோறு எறங்கல!"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். புளுகினாள் என்ற பேச்சே அங்கே எழவில்லை. தமிழ்மொழி மட்டும் சின்னம்மாவைப் பார்த்தாள்.

"அத்தையே சொல்லட்டும்" என்றாள். "அவங்க சொன்ன மொத பாகம்தான எனக்கே தெரியும். நான் அதையும் பாத்ததில்ல. இங்க உக்காந்து கேட்டதுதான்."

சின்னம்மா கையைச் சாம்பலில் விட்டு வெகுநேரம் தேய்த்தாள். அவள் ஏதாவது சொல்லிப் பார்க்கிறாளா என்று நான் காத்திருந்தேன். உதடு அசைந்தது. பிறகு நின்றுவிட்டது.

"நான் பாத்ததத்தான் சொல்லுவேன்" என்றாள் கடைசியில். "பாக்காதது எனக்கு வராது. நீயே சொல்லு."

கட்டையை எடுத்து ஒரு கொட்டையை ஓங்கித் தட்டினாள். "கை நிக்காம சொல்லு. ஊரான் பருப்புக்கு ஒக்காந்திருக்காத."

தமிழ்மொழி ஆரம்பித்தாள். அந்த ஆள் கல்லை மறுபடி நகர்த்திவிட்டுக் குனிகிறான். உச்சி வெயில், அவன் நிழல் தண்ணீரில் விழவில்லை. அவன் கேணியின் மேற்குப் பக்கப் படியில் ஒரு காலை வைத்து...

"நிறுத்து" என்றாள் சின்னம்மா.

எல்லாரும் திரும்பினார்கள்.

"படி கெழக்கால. மொத பாகத்துலயே சொல்லியிருக்கேன். ஒழுங்கா கேட்டுருந்தா தெரியும்."

"ஆமாத்தை. கெழக்கால."

"ம்" என்றாள் சின்னம்மா. "எறங்கிட்டானா?"