எதிர்வீட்டுப் பால் பை

இங்கிலாந்தின் குட்டி விவசாயக் கிராமம் ஒன்றில் பெரியவர்கள் பேசிய பதிவுகளைக் கேட்டு டைப் செய்வது என் வேலை. அங்கே காலையில் யார் வீட்டு ஜன்னல் திரையாவது விலகவில்லை என்றால், பக்கத்து வீட்டார் போய்க் கதவைத் தட்டுவார்களாம். அந்த ஊர் நாய்களின் பெயர்கூட எனக்கு அத்துப்படி. இங்கே சென்னை நூம்பலில் என் எதிர் ஃபிளாட் அம்மாவின் பெயர் மட்டும் தெரியாது.

ஒருநாள் காய்ச்சலில் எழுந்திருக்கவே முடியவில்லை. மதியம் கதவு தட்டும் சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தால், எதிர் ஃபிளாட் அம்மா.

"இன்னாம்மா, கதவுல பால் பை அப்டியே தொங்கினுகீது. ஒடம்பு சரியில்லியா?"

கஞ்சி வைத்துக் கொடுத்தார். கிளம்பும்போது வாசலிலேயே நின்றார்.

"என் பை தொங்கினா நீ வந்து தட்டு, கண்ணு. எனக்கும் யாருமில்ல."

இப்போதெல்லாம் சரோஜாம்மாவின் கதவைப் பார்த்துவிட்டுத்தான் ஹெட்போனை மாட்டுகிறேன்.