வளைவில் நின்ற வெயில்

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். கல்வராயன் மலை அப்படியில்லை. கிட்டப் போகப் போகத்தான் குளிர்ச்சி. எங்கள் திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து மலை என்றால் வெயிலில் காயும் பாறைக் குவியல்தான். அதையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, கச்சிராயபாளையம் தாண்டி ஏறும்போது இருபுறமும் மரமாக வந்தால் எப்படி இருக்கும்? என் மனைவி பேச்சையே விட்டுவிட்டாள். அது எங்கள் வீட்டில் லேசாக நடக்கிற காரியம் இல்லை.

வண்டியை என் மனைவியின் தம்பி ஓட்டினான். பின் இருக்கையில் பக்கத்து வீட்டு அக்கா. செஞ்சிக்கு அருகே சமணக் குடும்பத்தில் பிறந்தவர். கணவருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். சூரியன் மறைந்தபின் அக்கா சாப்பிட மாட்டார், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வெளியில் சமைத்ததையும் தொடுவதில்லை. அதனாலேயே எந்தச் சுற்றுலாவுக்கும் போனதில்லை. "என்னால எல்லாருக்கும் பேஜாரு" என்று ஒதுங்கிவிடுவார். சர்க்கரை நோய் வேறு. சாயங்காலச் சாப்பாடு தவறினால் மயக்கம்; ஒருமுறை அடுப்படியிலேயே விழுந்திருக்கிறார். இந்தத் தடவை என் மனைவிதான் விடாப்பிடியாக இழுத்து வந்திருந்தாள். பகலுக்குப் புளிச்சோறு, சாயங்காலத்துக்கு மல்லாட்டைப் பொடி தடவிய இட்லி என்று அக்காவும் கட்டிக்கொண்டு வந்தார்.

வெள்ளிமலைப் பக்கம் சாமை வயல்களையும், வேர் முதல் உச்சி வரை காய் தொங்கும் பலா மரங்களையும் பார்த்துவிட்டு, புளிச்சோற்றை முடித்துக்கொண்டு, பள்ளத்தில் இருந்த அருவிக்கு இறங்கினோம்.

அருவி பால் சட்டியைக் கவிழ்த்தது போல விழுந்துகொண்டிருந்தது. முதலில் பாறையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தார் அக்கா. பிறகு முழங்கால் வரை. பிறகு பார்த்தால் தலையைக் கொண்டுபோய் நேரே தண்ணீருக்கு அடியில் கொடுத்துவிட்டார்!

"அக்கா, போதும் வாங்க" என்று என் மனைவி கூப்பிட்டாள்.

"சும்மா இரும்மா. வீட்டுக் குழாயில இப்படியா வருது?"

நாங்களும்தான் இறங்கினோம். ஆட்டத்தில் நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை. புடவையைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்த அக்காவின் முகம் மாறிவிட்டது. வெயில் இல்லை. பள்ளம் முழுக்க நிழல்.

எங்கள் ஊரில் இந்தத் தவறு நடக்காது. சமவெளியில் சூரியன் கடைசிவரை கண்ணெதிரே நின்று, ஏரிக்கரைக்குப் பின்னால் நிதானமாக இறங்கும். அக்கா வாழ்நாளெல்லாம் வானத்தைப் பார்த்தே உலை வைத்தவர். இடையில் ஒரு மலை வந்து நிற்கும் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

"மணி இன்னும் அஞ்சே ஆகலக்கா. சூரியன் இறங்கல, மலைதான் மறைச்சிக்கினு இருக்குது. சாப்பிடுங்க" என்றேன்.

"நீ சொல்றது சரிதான் தம்பி. ஆனா கண்ணால பார்த்துத்தான் இவ்ளோ நாளா சாப்பிட்டேன். மனசு ஒப்பலயே." இட்லி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். மூடியைத் திறக்கவில்லை. "இதுக்குத்தான் நான் எங்கயும் வர்றதில்ல."

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தம்பிதான் சாவியை எடுத்தான்.

"மாமா, அங்க பாருங்க. மேல மரத்து உச்சில வெயில் அடிக்குது. அவரு இங்க வரலன்னா நாம போய்ப் பார்ப்போம். ஜல்தியா ஏறுங்க."

"கிண்டலா பண்ற?" என்றாள் என் மனைவி.

"கிண்டல் இல்ல, டீசல்."

வண்டி ஏறியது. ஒரு வளைவு திரும்பினால் மரத்தின் தலையில் வெயில். அடுத்த வளைவில் இடுப்பு வரை. நானும் என் மனைவியும் ஜன்னல் கண்ணாடியிலேயே முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் டப்பாவைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார்.

இன்னொரு திருப்பத்தில் மலை சட்டென்று விலகியது. அடடா! மேற்கே மடிப்பு மடிப்பாக நீல மலைகள். அவற்றுக்கு மேலே, இறங்க இன்னும் நேரமிருக்கிற சூரியன். சாலையெல்லாம் மஞ்சள்.

"கண்ணத் திறங்க அக்கா, ஆளு நிக்கிறாரு" என்றான் மச்சான்.

அக்கா இறங்கி, சாலையோரத் தடுப்புச் சுவரில் மேற்கு பார்த்து உட்கார்ந்தார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு இட்லியையும் பிட்டு, டப்பாவில் உதிர்ந்த பொடியில் புரட்டி, மலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். எங்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஆறிப்போன இட்லிதான். அந்த இடத்தில் அதற்கு வந்த ருசியை நான் எந்த ஓட்டலிலும் கண்டதில்லை. பசித்தவனுக்குப் பழையதும் விருந்து என்பார்கள். பார்க்கிற காட்சியும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்?

மாத்திரையைப் போட்டு, தண்ணீர் குடித்து, கையைக் கழுவிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. சூரியன் சிவந்து, ஒரு மலை மடிப்பில் பாதியாகி, விளிம்பாகிப் போகும்வரை நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காலைலயும் இவரு வந்தாத்தான் எனக்குத் தண்ணி" என்றார் அக்கா. "இங்க எந்தப் பக்கமா வருவாரு?"

"அதப் பார்க்கணும்னா ராத்திரி மலையிலயே தங்கணும் அக்கா" என்றான் மச்சான்.

"தங்கினா என்ன? என் சாப்பாட்டு வேலைதான் முடிஞ்சுதே. உங்களுக்கு எங்கனா சோறு கிடைக்குதான்னு பாரு."