பட்டியலில் அவள் பெயர்

முப்பத்தாறு வயதில் நான் மறுபடி வேலைக்குப் போனபோது, அந்த வயதில் புதிதாக ஒரு தோழி கிடைப்பாள் என்று நினைக்கவில்லை. சமயநல்லூர் தாண்டி ஒரு மசாலாப் பொடி கம்பெனி. தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். சரியில்லாத சரக்கைத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை என்பதால் பேக்கிங் ஆட்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

கம்பெனி பஸ்ஸில் கோரிப்பாளையத்தில் ஏறும் பேக்கிங் சூப்பர்வைசர் ஒருத்தி, என் வயதுக்காரி, ஒரு நாள் வேறு இடமில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து எங்க சரக்கு அம்புட்டையும் திருப்பிட்டீங்களாமே?"

"சீல் பிரிஞ்சிருந்துச்சுங்க."

"பிரியத்தான் செய்யும். கரண்டு போயி ஜெனரேட்டர் ஓடுறப்ப சீல் ஒட்டுற மிஷின்ல சூடு ஏறாது. கீழ வந்து கேட்டா சொல்லுவோம்ல?"

அன்று மதியம் என் சாப்பாட்டு டப்பாவோடு கீழே போனேன். தன் ஆட்களுக்கு நடுவில் என்னை உட்கார வைத்தாள். அதற்குப் பிறகு தினமும் அங்கேதான் சாப்பாடு. எந்த மிஷின் மக்கர் பண்ணுகிறது, எந்த மிளகாய் மூட்டையில் ஈரம் இருக்கிறது எல்லாம் மேலே தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை மீட்டிங்கில் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேர் வந்தது. ஐந்து வருடத்தில் என் பிரிவுக்கே தலைவரானேன்.

இதெல்லாம் யார் சொல்லித் தெரியும் என்று மீட்டிங்கில் ஒரு நாளும் நான் சொன்னதில்லை. அவளிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டபோது சிரித்தாள்.

"என் பேரச் சொன்னா என்னைய மேல உக்கார வச்சிருவாங்களாக்கும்? நீ பேசு புள்ள, போதும்."

போன வருடம் தானாகவே பொட்டலம் போடும் புது மிஷின் வந்தது. பேக்கிங்கில் பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்துவதாக முடிவாயிற்று. பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிய பட்டியல் என் மேஜைக்கு வந்தது. மூன்றாவதாக அவள் பெயர்.

மேனேஜர் அறைக்கு ஓடினேன். அவள் இல்லாமல் பேக்கிங் நடக்காது, நான் இத்தனை நாள் மீட்டிங்கில் சொன்னதில் பாதி அவள் சொன்னதுதான் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவங்க உங்க ஃப்ரெண்டுதானே மேடம்?"

"ஆமா சார்."

"அப்ப நீங்க இதுல பேசாம இருக்கிறதுதான் நல்லது. இத்தன வருசம் சொல்லாம இப்ப சொன்னா, ஃப்ரெண்டுக்காகச் சொல்றீங்கன்னுதான் நெனப்பாங்க."

என் மேஜைக்குத் திரும்பினேன். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. சாயங்காலம் வரை பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக் கடனும் மகளின் காலேஜும் நினைவுக்கு வந்தன. கையெழுத்துப் போட்டேன்.

பட்டியல் விஷயம் அதற்குள் அவளுக்கும் தெரிந்திருந்தது; பஸ்ஸில் அவளே கேட்டாள். "போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"போடாட்டி உன்னையும் சேத்து அனுப்பிருப்பாங்க. விடு, அல்லா பாத்துக்குவான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோரிப்பாளையத்தில் இறங்கும்போது வழக்கம்போல "வாரேன்" என்று சொல்லவில்லை.

இப்போது ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். நான்தான் போன் பண்ணுகிறேன். எடுக்கிறாள், பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறாள், கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

போன வாரம் புது மிஷினிலிருந்து வந்த பொட்டலங்கள் ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தன. "கீழ என்ன பிரச்சினை மேடம்?" என்று மீட்டிங்கில் கேட்டார்கள். விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே போனேன். மிச்சமிருந்த பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பட்டியலில் யார் யார் கையெழுத்து என்பது அவர்களுக்குத் தெரியும். பொட்டலம் ஏன் கிழிகிறது என்று கேட்டேன்.

"தெரியலைங்க மேடம்" என்றாள் ஒருத்தி. நான் மாடிப்படி ஏறினேன்.