உப்பு மனேஜர்

உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பதவி எங்கள் வீட்டில் இருந்தது. அதன் பெயர் உப்பு மனேஜர்.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாமி வீட்டு மேல்மாடியில் நாங்கள் குடியிருந்தோம். மாமி என்றால் அப்பாவின் தங்கை. கீழே பின்விறாந்தையில் அவருடைய கம்பனி நடந்தது. செய்தது ஒரே ஒரு சாமான்: யாழ்ப்பாணத்துக் கறித்தூள். சரக்கை வறுத்து, மில்லில் அரைப்பித்து, பைகளில் அடைத்துக் காலி வீதி என்ற பெருந்தெருவின் கடைகளுக்குக் கொடுப்பார்கள். வெளிநாடு போகிறவர்களின் பெட்டிக்குள்ளும் சில பைகள் ஏறிவிடும். அந்தச் சாக்கில் மாமா அதை ஏற்றுமதி நிறுவனம் என்றே சொல்லித் திரிந்தார்.

எனக்குப் பத்து வயதிருக்கும். எதையும் துருவித் துருவிக் கேட்கிற பிள்ளை. அந்தக் கம்பனியில் எல்லாரும் மனேஜர்களாக இருந்தது ஏன் என்பதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. மிளகாய்க்கு ஒரு அக்கா, மல்லிக்கு இன்னொருவர், சீரகத்துக்கு வேறொருவர். வெந்தயத்துக்குக்கூட ஒரு முழு மனிதர் இருந்தார். ஊரில் கணக்குப் படிப்பித்த வாத்தியார் அவர். ஒரு பிடி வெந்தயத்தை வறுக்க எவ்வளவு நேரம் போகும்? இறக்கி வைத்துவிட்டு மிச்சப் பொழுது முழுக்கப் பேப்பர் படிப்பார். ஆனால் வெந்தயம் பற்றிய எந்த முடிவையும் அவரைக் கேட்காமல் எடுக்க முடியாது. டிரெக்டரான மாமாவே அவர் வறுக்கிற தாச்சிக்குக் கிட்டப் போகப் பயப்படுவார்.

“எல்லாரும் மனேஜர் எண்டால் வேலை செய்யிறது ஆர், மாமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“உன்ர மாமிதான்” என்றார். பகிடியா மெய்யா என்று கண்டுபிடிக்க விறாந்தையையே சுற்றித் திரிந்தேன். மெய்தான்.

மனேஜர்கள் எங்கள் ஊர் யாழ்ப்பாணத்திலிருந்து வருவார்கள். கொஞ்சக் காலம் இருப்பார்கள். பிறகு ஒருநாள் பெட்டியோடு விமானம் ஏறிப் போய்விடுவார்கள். அவர்கள் பார்த்த சரக்கு அடுத்து வருகிறவருக்குப் போகும். இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கம்பனிக்குள்தான் அந்த அண்ணா வந்து சேர்ந்தார். மாமியின் சிநேகிதியுடைய மகன். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். நல்ல ஒல்லி, ஆரவாரமில்லாத ஆள். வந்த நேரம் எல்லாச் சரக்குக்கும் ஆள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணியோடுதான் கம்பனிக் கூட்டம் நடக்கும். அன்றைக்கு மாமி கராம்பு சேர்ப்போமா என்று கேட்டார். மிளகாய் அக்காவின் முகம் கறுத்துப் போனது. வாத்தியார் கோப்பையைக் கீழே வைத்தார்.

“கராம்பு போட்டால் அது எங்கட தூளில்லைத் தங்கச்சி. கடைக்காரர் திருப்பி அனுப்புவினம்.”

“அப்ப இந்தப் பிள்ளையை என்ன செய்யிறது? காரணமில்லாமல் கொழும்பில நிக்க விடுவாங்களே? பொலிஸ் வந்தால் என்ன சொல்லுறது?” என்றார் மாமி.

நாங்கள் எல்லாரும் ஒரு காரணமும் இல்லாமல்தானே இங்கே இருக்கிறோம் என்று நான் யோசித்தேன். கேட்டும் இருப்பேன். மாமியின் பார்வை சரியில்லாததால் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு மாமி சொன்னார்: “அப்ப உப்பு.”

“உமக்கென்ன விசரே?” என்று மாமா எழும்பினார். “தூளுக்குள்ள உப்புப் போடுறேல்லையே!”

“ஓம். போடாமல் பாக்க ஒராள் வேணுமெல்லோ?”

முதலில் வாத்தியார்தான் சிரித்தார். பிறகு எல்லாரும் கை உயர்த்தினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அது மிகச் சரியாகவே பட்டது. கடற்கரை வீடு, காற்றிலேயே உப்பு இருக்கிறது என்று மாமி விளக்கியும் விட்டார். அண்ணா தாச்சிக்குப் பக்கத்தில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். எப்படிக் காவல் பார்ப்பது என்று கேட்டேன்.

“சும்மா இருக்கிறதுதான். ஆனால் கவனமாச் சும்மா இருக்கோணும்” என்றார்.

ஒருநாள் காலையில் ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் மறித்துவிட்டு, பொலிசும் ஆமியும் வீடு வீடாக வந்தார்கள். மாமா கடைகளுக்குப் போயிருந்தார். மற்றவர்களின் சிங்களம் அரைகுறை. ஒழுங்கைப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய சிங்களம் என்னிடம் இருந்ததால், பொலிஸ் பெரியவரின் பக்கத்தில் நான் நின்றேன். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்து அண்ணாவிடம் நின்றார். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே நின்ற ட்ரக்கில் அண்ணாவின் வயதுப் பெடியன்கள் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தார்கள்.

“மெயாகே ரஸ்ஸாவ மொகக்த, துவ?” இவருக்கு என்ன வேலை மகள் என்று என்னைக் கேட்டார். மாமியின் கை என் தோளை இறுக்கியது.

“லுணு மெனேஜர்” என்றேன். உப்பு மனேஜர்.

அவர் தட்டிலிருந்த தூளில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். “மேக்கே லுணு நெஹெனே!” இதில் உப்பே இல்லையே என்றார்.

எனக்கு வந்த பெருமையைச் சொல்ல முடியாது. இதைவிடப் பெரிய பாராட்டு அண்ணாவுக்கு யார் தரமுடியும்? அவர் வேலையை ஒழுங்காகப் பார்ப்பதால்தான் இல்லை என்று சொன்னேன். கடலைக் காட்டினேன். காற்றைப் பற்றிச் சொன்னேன். கராம்பு தோற்ற கதையையும் விடவில்லை. பொலிஸ் பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணாவைப் பார்த்தார். அவருடைய கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பிலா உறைப்பிலா தெரியவில்லை. அட்டையை அண்ணாவின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மாமி அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். வாத்தியார் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்க அழுதார். உப்புக்குக் கிடைத்த மரியாதை வெந்தயத்துக்குக் கிடைக்கவில்லை என்ற கவலை என்று நினைத்தேன்.

பிறகு அண்ணாவும் பெட்டியோடு போனார். பதவி காலியானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தின் நடுவே நான் எழும்பி நின்றேன்.

“உப்பை இனி நான் பாக்கட்டோ, மாமி?”

ஒருவரும் கை உயர்த்தவில்லை. மாமி என்னை இழுத்து நெற்றியில் கொஞ்சினார். “வேண்டாம் பிள்ளை. அந்த வேலை உனக்கு ஒருநாளும் வேண்டாம்.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பொலிசுக்கே விளங்கப்படுத்தத் தெரிந்த என்னை ஒரு உப்புக்குக்கூட மதிக்காத இது என்ன கம்பனி என்று, அன்று பகல் முழுக்கச் சாப்பிடாமல் மேல்மாடியில் இருந்து அழுதேன்.