லிட்டருக்கு இருபத்திரண்டு

செந்தாமரை வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தாறாவது வயதில். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதல்ல.

அவள் கணவர் சேவுகப்பெருமாளுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவர் ரத்தத்தில் காமாலைக் கிருமியும் இருந்ததால் அவருக்கென்று தனி மிஷின் வேண்டும். அது கிடைத்தது மதுரையில்தான். கோட்டையூரைத் தாண்டிக் கண்மாய்க்கரையில் இருக்கும் அவர்கள் ஊரிலிருந்து போகவர நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். வண்டி இருந்தது. விவசாயம் போக மீதி நேரத்தில் அவரே வாடகைக்கு ஓட்டிய ஜீப். ஓட்டத்தான் ஆள் இல்லை. கூலிக்கு வந்த டிரைவர்கள் பத்து நாள் வருவார்கள், பதினோராம் நாள் போனை எடுக்கமாட்டார்கள். அப்படி ஒரு திங்கட்கிழமை ஆள் வராமல் போனது. செவ்வாய் காலையில் அவர் முகம் வீங்கிக் கண்கள் மூடிக்கொண்டன. மத்தியானம் படுக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஆம்புலன்ஸில் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். அந்த வாரமே செந்தாமரை காரைக்குடியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்தாள்.

லைசென்ஸ் வந்த பிறகு மூன்று வருடம் அந்த ஜீப்பை அவள்தான் ஓட்டினாள். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு மிஷினில் சேர்க்கலாம். பின் சீட்டில் பாயை விரித்து அவர் படுத்துக்கொள்வார். திருப்பத்தூரில் நாகஜோதி ஏறிக்கொள்வாள். தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தவள், முப்பது வயது ஆகவில்லை. அவளுக்கும் அதே நோய், அதே தனி மிஷின். அவளுடைய அம்மா அக்கம்மாள் செந்தாமரையைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால் நாகஜோதிக்கு இவள் சித்தி ஆனாள்.

ஜீப்பின் கிளட்ச் இரும்பு மாதிரி. மிதித்து மிதித்து செந்தாமரையின் இடது முழங்கால் வீங்கிவிட்டது. டீசலையும் அது குடித்துத் தீர்த்தது. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் போனால் அதிசயம். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் வீரலட்சுமி போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, அதக் குடுத்துட்டு ஒரு சின்னக் கார் எடுங்கப்பா. அம்மா காலப் பாத்தீகளா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்பார் சேவுகப்பெருமாள்.

அவர் தயங்கியதற்கு ஜீப்பின் மேல் உள்ள பாசம் மட்டும் காரணமில்லை. ஆர்.சி. புக் அவர் அண்ணன் குருநாதன் பெயரில் இருந்தது. குடும்பம் ஒன்றாக இருந்தபோது வாங்கிய வண்டி. பாகம் பிரித்தபோது வண்டி தம்பிக்கு என்று வாய்ப்பேச்சாக முடிந்தது, காகிதத்தை யாரும் மாற்றவில்லை. இப்போது எக்ஸ்சேஞ்சில் கொடுக்க வேண்டுமானால் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அண்ணனோடு நாலு வருடமாகப் பேச்சு இல்லை.

பேச்சு நின்ற கதை இது. நோய் தெரிந்த புதிதில், மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். குருநாதன் தானாகவே முன்வந்தார். ரத்தவகை சேர்ந்தது, சோதனைகள் எல்லாம் சேர்ந்தன, நாளும் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம் அவர் போன் அணைந்துவிட்டது. திருப்பத்தூரில் அவர் வீட்டுக்குப் போனால் பூட்டுத் தொங்கியது. குறித்த நாள் போயிற்று. அதன் பிறகுதான் ரத்தத்தில் கிருமி தெரிந்தது, ஆபரேஷன் பேச்சும் நின்றது.

கடைசியில் முழங்கால்தான் சேவுகப்பெருமாளைக் கிளப்பியது. ஒருநாள் மேலூர் அருகே கிளட்சை மிதிக்க முடியாமல் செந்தாமரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதுவிட்டாள். பின் சீட்டிலிருந்து அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "கிளம்பு, திருப்பத்தூருக்குப் போவோம்," என்றார்.

குருநாதனின் மனைவி கருப்பம்மாள்தான் கதவைத் திறந்தாள். இவர்களைக் கண்டதும் அவள் முகத்தில் ஓடியது பயம் என்பது செந்தாமரைக்குப் பார்த்தவுடனே புரிந்தது.

"வாங்க," என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

குருநாதன் உள்ளேயிருந்து வந்தார். தம்பியைவிட ஆறு வயது மூத்தவர், பார்க்கத் தம்பியைவிட இளையவர் மாதிரி இருந்தார். சேவுகப்பெருமாள் பையிலிருந்து படிவங்களை எடுத்து நீட்டினார்.

"ஜீப்ப மாத்துறோம்ணே. உங்க கையெழுத்து வேணும்."

குருநாதன் வாங்குவதற்குள் கருப்பம்மாள் வாங்கிக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"வண்டி சம்பந்தமா மட்டுந்தானே? வேற ஆஸ்பத்திரிக் காகிதம் எதுவும் இதுல இல்லையே?"

"இல்லக்கா," என்றாள் செந்தாமரை. "நீங்களே பாருங்க."

குருநாதன் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி விழுந்தது. பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"ஜீப்பக் குடுத்துட்டு எதுல போவ?"

"சின்னக் கார் ஒண்ணு பாத்திருக்கு."

"வரும்போது படுத்துக்கிட்டு வர முடியுமா அதுல?"

"முன்சீட்டச் சாச்சுக்கலாம்னு சொல்றாக."

குருநாதன் தலையாட்டினார். பிறகு, "தம்பி, நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார்.

சேவுகப்பெருமாள் எழுந்துவிட்டார். "கையெழுத்துத்தான்ணே கேட்டு வந்தேன். போட்டுட்டீக. போதும்."

வாசல்வரை குருநாதன் வந்தார். ஜீப்பின் முன்கதவை ஒருமுறை தடவிப்பார்த்தார். கருப்பம்மாள் உள்ளேயே நின்றுகொண்டாள். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது இரண்டும் கல்யாணத்துக்கு நின்றன. குருநாதனைத் தடுத்தது அவள்தான் என்று செந்தாமரை அவளை எவ்வளவோ திட்டியிருக்கிறாள். ஆனாலும் திரும்பி வரும் வழியில், அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற நினைப்பு வந்தது. வந்த பதில் பிடிக்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

காரைக்குடி ஷோரூமில் மாயக்கண்ணன் என்ற விற்பனையாளர் அவர்களை உட்காரவைத்து டீ வரவழைத்தார். சேவுகப்பெருமாளுக்கு ஒருநாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு உண்டு. ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை மனைவியிடம் தள்ளினார். வெளியே ஓர் ஆள் ஜீப்புக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். தரைத்தகடு அரித்திருப்பதையும், சட்டம் ஒரு பக்கம் வளைந்திருப்பதையும், என்ஜின் புகை தள்ளுவதையும் உரக்கச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டார். சேவுகப்பெருமாள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இந்தக் கார் லிட்டருக்கு இருபத்திரண்டு தரும் சார்," என்றார் மாயக்கண்ணன். "ஃபேமிலியா டூர் போனாலும் செலவே தெரியாது. அதிகமா எங்க சார் போவீங்க?"

"மதுரைக்கு."

"பிசினஸா சார்?"

சேவுகப்பெருமாள் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். ஊசி குத்திக் குத்தி முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறாகப் புடைத்துக் கிடந்தது. மாயக்கண்ணன் அதன்பின் மைலேஜ் பற்றிப் பேசவில்லை. முன்சீட்டை எவ்வளவு தூரம் சாய்க்கலாம் என்று தானே உட்கார்ந்து காட்டினார்.

புதுக் கார் வந்த நாளில் பிள்ளையார்பட்டியில் பூசை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினார்கள். கிளட்ச் பஞ்சு மாதிரி இருந்தது. செந்தாமரையின் முழங்கால் வீக்கம் ஒரு மாதத்தில் வடிந்தது. எரிபொருள் பாதிக்குப் பாதி மிஞ்சியது. அவருக்குத்தான் உடம்பு நீட்ட முடியவில்லை. டயாலிசிஸ் முடிந்து வரும்போது கால் இழுத்துப் பிடிக்கும். ஜீப்பில் குறுக்கே படுத்து உதறிக்கொள்வார், இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே வந்தார்.

ஆனால் இந்தக் காரில் வேறு ஒன்று நடந்தது. ஜீப்பின் இரைச்சலில் அவர் பின்னாலும் இவள் முன்னாலுமாக மூன்று வருடம் பேச்சில்லாமல் கழிந்திருந்தது. இங்கே சத்தமே இல்லை, பக்கத்துப் பக்கத்துச் சீட்டு. அவர் பேச ஆரம்பித்தார். இருபத்தேழு வருடக் குடும்பத்தில் பேசாததையெல்லாம் பேசினார். இவளைப் பெண் பார்ப்பதற்கு முன்னால் கல்லலில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனதைச் சொன்னார். வீரலட்சுமிக்குப் பிறகு தங்காமல் போன பிள்ளையைப் பற்றி அவர் வாயால் பேசியது அப்போதுதான்.

"அன்னைக்கு நான் அறுப்புக் களத்துல இருந்துட்டேன் தாமரை. வந்திருக்கணும்."

"இப்ப எதுக்கு அது?"

"தோணுச்சு. சொன்னேன்."

பின்சீட்டில் நாகஜோதி தூங்குவாள், அல்லது தூங்குகிற மாதிரி இருப்பாள்.

எட்டு மாதம் இப்படிப் போனது. ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, மழை பிடித்துக்கொண்ட நாள், மிஷினிலிருந்து எடுத்தபோதே அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. ஒரு மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். மேலூரைத் தாண்டியதும் சீட்டை நன்றாகச் சாய்க்கச் சொன்னார்.

"கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன். நீ பேசிக்கிட்டு வா. கேட்டுக்கிட்டிருக்கேன்."

செந்தாமரை பேசினாள். வயலில் தண்ணீர் நிற்கிறது, வடித்துவிட ஆள் பார்க்க வேண்டும் என்றாள். வீரலட்சுமி பொங்கலுக்கு வருகிறாளாம் என்றாள். மழையில் கண்ணாடி தெரியவில்லை, அவள் கண் ரோட்டை விட்டு நகரவில்லை. கீழவளவு போயிற்று. திருப்பத்தூரில் நாகஜோதி இறங்கினாள். கதவைச் சாத்துமுன் எட்டிப் பார்த்து, "சித்தப்பா அசந்து தூங்குறாக. எழுப்பாதீக சித்தி," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிள்ளையார்பட்டி விலக்கில் செந்தாமரை அந்தப் பழைய பெண் பார்த்த கதையைக் கிண்டல் செய்தாள். குன்றக்குடியில், "உம்னு ஒரு சத்தங் குடுத்தா என்ன?" என்றாள். வீட்டு வாசலில் நிறுத்தி, குடையை விரித்துக்கொண்டு சுற்றிவந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். பெல்ட் போட்டபடி இருந்தார். கை குளிர்ந்திருந்தது. வந்து பார்த்த டாக்டர், உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றார்.

அவளால் தாங்க முடியாமல் போனது அந்த ஒரு மணி நேரம்தான். சாவுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அதையே கேட்டாள். "நான் யாருகிட்டப் பேசிக்கிட்டு வந்தேன்? சொல்லுங்க."

ஆண் பிள்ளை இல்லாததால் குருநாதன் கொள்ளி வைத்தார். மொட்டைத் தலையோடு அவர் கொல்லையில் தனியாக உட்கார்ந்திருந்ததைச் செந்தாமரை பார்த்தாள். அவரைத் திட்ட வேண்டும் என்று எத்தனையோ நாள் வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. ஆறுதல் சொல்லவும் தோன்றவில்லை. சாப்பிட வரச் சொல்லி ஆள் அனுப்பினாள், அவ்வளவுதான்.

காருக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். விற்றுவிடலாம் என்றாள் வீரலட்சுமி. செந்தாமரை அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் திங்கள், புதன், சனி மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும். அடுப்படியில் போய் சும்மா நின்றுகொண்டிருப்பாள்.

பொங்கல் கழிந்து அக்கம்மாள் பஸ்ஸில் வந்தாள். வெகுநேரம் வேறு எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில் சொன்னாள்.

"புள்ள பஸ்ஸுலதான் போய்ட்டு வருது தங்கச்சி. வரயில நிக்க முடியல. உட்கார எடம் கேட்டா, வயசுப்புள்ளைக்கு என்னன்னு ஏசுறாக. வாரத்துல ஒரு நாளாச்சும்..."

"என்னால முடியாதுக்கா," என்றாள் செந்தாமரை.

அக்கம்மாள் வற்புறுத்தவில்லை. கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். செந்தாமரை அன்று சாப்பிடவில்லை.

மாசியில், மேலூர் பஸ் ஸ்டாண்டில் நாகஜோதி மயங்கி விழுந்து நெற்றியில் நாலு தையல் என்று செய்தி வந்தது. மறுநாள் செந்தாமரை தார்ப்பாயை அவிழ்த்தாள். பேட்டரி இறங்கிக் கிடந்தது. மெக்கானிக்கை வரவழைத்து ஏற்றினாள். சனிக்கிழமை விடியுமுன் திருப்பத்தூரில், நெற்றிக்கட்டோடு பஸ்ஸுக்கு நின்றவளின் முன்னால் போய் நிறுத்தினாள். நாகஜோதி பின்கதவைத் திறக்கப் போனாள்.

"முன்னால உக்காரு," என்றாள் செந்தாமரை. "ஒண்ணு சொல்லிர்றேன். திரும்பி வரும்போது தூங்கக் கூடாது. பேசிக்கிட்டே வரணும். அப்படின்னாத்தான் கூட்டிட்டுப் போவேன்."

டயாலிசிஸ் முடிந்தவளுக்குப் போடக் கூடாத நிபந்தனை அது. நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பிய உடம்பு தூக்கத்துக்குத்தான் தவிக்கும். செந்தாமரைக்கும் அது தெரியும். நாகஜோதி, "சரி சித்தி," என்றாள்.

அதைக் காப்பாற்றவும் செய்தாள். தன் பழைய வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். வாய்ப்பாடு சொன்னாள். நாக்குக் குழறும்போது ஜன்னலை இறக்கி முகத்தில் காற்று வாங்கினாள். சில நாள் பேசிக்கொண்டே அழுதாள். செந்தாமரை அதைப் பார்த்தும் பார்க்காதது போல் ஓட்டினாள். தான் செய்வது கொடுமை என்று அவளுக்கே தோன்றும். விடவும் முடியவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு புதன்கிழமை, கீழவளவைத் தாண்டியதும் நாகஜோதியின் பேச்சு நடுவார்த்தையில் நின்றது. செந்தாமரை பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. நாகஜோதியின் மூக்கின் கீழே விரலை வைத்தாள். கழுத்தில் வைத்தாள்.

நாகஜோதி கண்ணைத் திறக்காமல் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"இருக்கேன் சித்தி. கொஞ்சம் தூங்கவிடுங்க."

செந்தாமரை வண்டியை ஓரங்கட்டினாள். அதற்கு மேல் ஓட்டவில்லை. சாலையோரத்திலேயே என்ஜினை நிறுத்திவிட்டு, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.