ஹெட்போன் மாட்டிக்கொண்டு அலறினேன்

பொன்முடி மலைப்பாதையின் வளைவொன்றில் எங்கள் பஸ் கவிழ்ந்தது. நான் பிழைத்துக்கொண்டேன். ஆனால் அதன்பிறகு ஹாரன் சத்தம் கேட்டாலே உடம்பு உதறும். திருவனந்தபுரத்தில் 'சாலை' என்ற பஜாரிலுள்ள எங்கள் ஜவுளிக்கடைக்குக்கூட நடந்தேதான் போவேன். வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

கடைக்கு அடுத்த பிரவுசிங் சென்டரிலிருந்து, சென்னையிலுள்ள மனநல ஆலோசகரிடம் வாரம்தோறும் இன்டர்நெட்டில் பேசத் தொடங்கினேன்.

"நடந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கம்மா" என்றார் அவர்.

சுற்றிலும் மலையாளத்துக்காரர்கள், தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். காதில் ஹெட்போன் இருந்ததால் என் குரல் உயர்ந்தது எனக்கே தெரியவில்லை. கழற்றிப் பார்த்தால் அறையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மானம் போயிற்று என்று கூசிப்போனேன்.

சென்டர் நடத்தும் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"சாலை பஜாருல தமிழ் தெரியாத ஆளு உண்டோ சேச்சி? எல்லாரும் கேட்டாச்சு. இனி பேடிக்க வேண்டாம், கேட்டோ." இனி பயப்பட வேண்டாமாம்.

ஊரே கேட்ட பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? வாராவாரம் அதே கதையைச் சொல்லச் சொல்ல, நடுக்கம் குறைந்தது. ஒருநாள் பொன்முடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அதே வளைவில் டிரைவர் ஹாரனை அழுத்தினார். நான் கையிலிருந்த பழம்பொரி பஜ்ஜியைக் கடித்தேன்.

இப்போது யார் கேட்டாலும் விபத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஹெட்போன் இல்லாமலே, சத்தமாக.